102 நாள்: சிகுங்கும் களைப்பின் வரலாறும்

சற்று நீண்ட பதிவு இது. மூன்று வாரமாகப் படுத்த வாக்கில் கைப்பேசியில் சிறுகச் சிறுக எழுதியது. ஆங்காங்கே தொடர்ச்சி அறுந்திருந்தால் பொறுத்தருள வேண்டும்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் தில்லியில் எனக்குக் கண்ட காய்ச்சல் பத்து நாளில் இறங்கிவிட்டது. களைப்பு மட்டும் இன்றுவரை இறங்கவில்லை. இரத்தப் பரிசோதனைகள் அனைத்தும் ஒழுங்காகவே இருக்கின்றன. விடுதியிலிருந்து நூலகம்வரை நடந்து, இரண்டாம் மாடி ஏறி, ஒரு மணி நேரம் படித்துத் திரும்பினால், அடுத்த இரண்டு நாள் கட்டிலை விட்டு எழ இயலாது. சீன மருத்துவ வரலாற்றை ஆய்வுப் பொருளாகக் கொண்ட ஒருவருக்கு நண்பர்கள் என்ன யோசனை சொல்வார்கள் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். "நீங்கள் படிக்கும் அந்தச் சிகுங்கையே செய்து பார்க்கலாமே!" கூடவே காணொளி இணைப்புகள். எல்லாவற்றிலும் பூங்காவில் அதிகாலையில் நின்றுகொண்டு கைகளை மெல்ல உயர்த்தும் முதியவர்கள்.

அன்போடு சொல்லப்பட்ட யோசனைதான். ஆயினும் அந்தக் காணொளிகளைப் பார்க்கும்போதெல்லாம் சிகுங் தோன்றிய கதையில் வரும் ஒரு விவரம் அவற்றில் விடுபட்டுப்போனதாகவே எனக்குத் தோன்றுகிறது. அந்த விவரத்தைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

சிகுங் என்றவுடன் ஐயாயிரம் ஆண்டுப் பழைமை என்று தொடங்குவது வழக்கம். பயிற்சிகள் பழையவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவற்றையெல்லாம் ஒரே பெயரின் கீழ்த் திரட்டி, மருத்துவமுறை என்று முத்திரையிட்ட நிகழ்வுக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை. அதன் தொடக்கத்தில் இருப்பவர் முனிவரும் அல்லர், மல்லரும் அல்லர்; வயிற்றுப் புண்ணாலும் உறக்கமின்மையாலும் நலிந்துபோன ஒரு கட்சி ஊழியர். பெயர் லியூ குய்சென். வடசீனத்தின் ஹெபெய் மாகாணத்தில் கம்யூனிஸ்டுகளின் ஆளுகைக்குட்பட்ட பகுதியில் பணியாற்றியவர். உள்நாட்டுப் போரின் நடுவே, 1947இல், இனி வேலை செய்ய இயலாது என்ற நிலையில் சொந்தக் கிராமத்துக்குத் திரும்பினார். அங்கே குடும்பப் பெரியவர் ஒருவரிடம் நெய்யாங் குங் என்னும் பயிற்சியைக் கற்றார். 'உள்ளே பேணி வளர்த்தல்' என்று அதைத் தமிழாக்கலாம். 102 நாள் பயின்றார், தேறினார், பணிக்குத் திரும்பினார்.

அந்தப் பயிற்சி என்ன என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நின்று கையசைப்பது அதில் இல்லை. வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தோ, உயரமான தலையணையில் மல்லாந்தோ, அமர்ந்தோ இருந்தபடி மூச்சை உள்ளிழுத்து, நிறுத்தி, வெளிவிட வேண்டும். மூச்சின் போக்குக்கேற்ப நாக்கு மேலண்ணத்தைத் தொட்டு இறங்கும். அதனோடு ஒரு சிறு தொடரை மனத்துக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். பார்ப்பவர் கண்ணுக்கு அது உறங்குவதுபோலத் தெரியும்.

லியூ தேறி வந்ததைக் கண்ட மேலதிகாரிகள் அந்த முறையை ஆராயுமாறு அவரையே பணித்தார்கள். மருந்தும் மருத்துவரும் அரிதாயிருந்த போர்க்காலத்தில், செலவில்லாத ஒரு சிகிச்சையின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மூடநம்பிக்கையின் வாடையை நீக்க வேண்டுமே! மனத்துக்குள் சொல்லிவந்த பழைய மந்திரத்தில் பொன் நாகத்தின் நகமும் தியான மண்டபமும் இருந்தன. அது போய், உடல் நலம்பெற அமர்ந்து பயில்கிறேன் என்ற பொருளில் ஒரு தொடர் வந்தது. ஒரு மரபு அரசாங்கச் சீருடை அணிந்த தருணத்தை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் சான்று அரிது. உளச்சிகிச்சை என்பது முதலான சில பெயர்களைப் பரிசீலித்துத் தள்ளிய பின், 1949இல் 'சிகுங்' என்ற பெயர் நிலைபெற்றது. 'சி' என்றால் உயிர்மூச்சு. நம் பிராணனுக்கு நெருங்கிய உறவு. 'குங்' என்றால் இடையறாத பயிற்சியால் கைவரும் திறன். இந்தச் சொல் அதற்கு முன்பும் அங்குமிங்கும் வழங்கியதுண்டு; மருத்துவமுறையின் பெயரானது அப்போதுதான்.

புதிய அரசு அமைந்தபின் தாங்ஷான் நகரில் சிகுங் நலவாழ்வு இல்லம் ஒன்று எழுந்தது. 1955இல் மத்திய நலவாழ்வு அமைச்சகம் அக்குழுவுக்குப் பரிசளித்தது. மறு ஆண்டு, தலைவர்கள் கோடையைக் கழிக்கும் கடற்கரை ஊரான பெய்தைஹேயில் இன்னொரு இல்லம் திறக்கப்பட்டது. 1957இல் லியூவின் கையேடு வெளிவந்தது.

இப்போது அந்த 102 நாளுக்கு வருவோம். லியூவின் வரலாற்றைச் சொல்பவர்கள் அனைவரும் இந்த எண்ணைக் குறிப்பிடுகிறார்கள். பயிற்சியின் ஆற்றலுக்குச் சான்றாக. எனக்கோ அது வேறொன்றையும் சொல்கிறது. போருக்கு நடுவே ஒரு மனிதர் 102 நாள் வேலையின்றிப் படுத்திருக்க முடிந்தது. அவருக்கு உணவு தர ஒரு வீடு இருந்தது, திரும்பி வந்தால் ஏற்றுக்கொள்ள ஒரு பணியிடம் இருந்தது. வயிற்றுப் புண் தானாக ஆறுவதும் மீண்டும் வருவதுமான நோய். அதற்குக் காரணமான நுண்ணுயிரை ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் கண்டறிந்தது 1980களில். எனவே லியூவைக் குணப்படுத்தியது மூச்சா, ஓய்வா, காலமா என்று இன்று யாரும் பிரித்துச் சொல்லிவிட முடியாது. மூன்றும் ஒன்றாக இருந்தன என்பது மட்டும் உறுதி.

களைப்புக்கும் ஓய்வுக்கும் வர்க்கத்துக்கும் உள்ள இந்தத் தொடர்பு நவீன காலத்தின் கண்டுபிடிப்பன்று. இதைச் சொல்ல இரண்டாயிரம் ஆண்டு பின்னே போக வேண்டும்.

1973இல் ஹூனான் மாகாணத் தலைநகரான சாங்ஷாவின் புறத்தே, மாவாங்துய் என்ற மேட்டில் மூன்றாம் எண் கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை அது. உள்ளே பட்டில் எழுதிய நூல்களோடு ஓர் ஓவியமும் இருந்தது. நான்கு வரிசையில் 44 மனித உருவங்கள். ஆண், பெண், இளையோர், முதியோர். சிலர் மேலாடையின்றி, சிலர் முழு உடையில். ஒருவர் கரடிபோல, ஒருவர் கொக்குபோல. சிலவற்றின் அருகே முழங்கால் வலிக்கு, காது கேளாமைக்கு என்று குறிப்புகள். இப்பயிற்சிகளின் பழைய பெயர் தாவோயின். உடலை நீட்டி, மூச்சை வழிநடத்துதல். உலகில் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய உடற்பயிற்சிப் படங்களுள் இது ஒன்று. இதை வைத்துப் புதைக்கப்பட்டவர் அவ்வூர்ப் பிரபுக் குடும்பத்து மகன். இறக்கும்போது ஏறக்குறைய முப்பது வயது. நீடு வாழும் கலையின் படம் அவருக்குப் போதிய துணை செய்யவில்லை.

எனக்கு இதைவிட நெருக்கமானது, பத்தாண்டு கழித்து ஹூபெய் மாகாணத்தின் சாங்ஜியாஷானில் கிடைத்த மூங்கில் ஏடுகள். கி.மு. 186ஐ ஒட்டி மூடப்பட்ட கல்லறை. அதிலிருந்த 'யின்ஷு' என்ற நூலில் படங்கள் இல்லை. பயிற்சிகளின் செய்முறை சொற்களில் இருக்கிறது. நூலின் இறுதிப் பகுதியில் மனிதர்கள் ஏன் நோயுறுகிறார்கள் என்ற கேள்வி வருகிறது. உயர்குடியினர் மகிழ்ச்சியையும் சினத்தையும் ஒத்திசையச் செய்யத் தவறுவதால் நோயுறுகிறார்கள். தாழ்ந்த நிலையிலுள்ளோரோ உழைப்பின் களைப்பாலும் பசி தாகத்தாலும், வியர்வை வடிய நீரில் இறங்குவதாலும், குளிர்ந்த தரையில் படுப்பதாலும் நோயுறுகிறார்கள். மூச்சால் அதை நீக்கும் வழியும் அறியாததால் விரைவில் மாள்கிறார்கள். சாரம் இதுதான். இதை முதன்முறை படித்தபோது நான் நலமாக இருந்தேன். ஆய்வேட்டுக்கு ஒரு மேற்கோள் கிடைத்தது என்று மகிழ்ந்ததோடு சரி. இப்போது படிக்கும்போது வேறொன்று கண்ணில் படுகிறது. இந்த நூலாசிரியருக்கு உழைப்பவனின் களைப்பு தெரிந்திருக்கிறது. ஆனால் அவனுக்கு அவர் தருவது ஓய்வன்று. மூச்சுப் பயிற்சியை அறியாதவன் என்ற குறை.

பிற்கால மருத்துவம் இதைவிடப் பரிவோடு நடந்துகொண்டது. கி.பி. 200ஐ ஒட்டி வாழ்ந்த சாங் சோங்ஜிங் 'சூலாவ்' என்றொரு நோய்நிலையைத் தனியே பிரித்து எழுதினார். வறட்சியும் அயர்ச்சியும் சேர்ந்து உள்ளிருந்து தேய்தல் என்று அதற்குப் பொருள் கொள்ளலாம். 610இல் சுய் வம்ச அரசவைக்காகச் சாவ் யுவான்ஃபாங் தொகுத்த நோய்க்காரணப் பெருநூல் சூலாவுக்கு நீண்ட இடம் ஒதுக்கி, மருந்துக்குப் பதிலாகத் தாவோயின் பயிற்சிகளையே பல இடங்களில் சொல்கிறது. அவற்றுள் கணிசமானவை படுத்தும் அமர்ந்தும் செய்பவை. மஞ்சள் பேரரசரின் பெயரால் வழங்கும் பழைய மருத்துவ நூல், நெடுநேரம் நடப்பது தசைநாரைக் கெடுக்கும் என்பதோடு நில்லாமல், நெடுநேரம் படுத்திருப்பது சியைக் கெடுக்கும் என்றும் சொல்கிறது. களைத்தவனின் இக்கட்டு முழுவதும் இதில் அடங்கிவிட்டது. எழுந்தாலும் கேடு, படுத்தாலும் கேடு. படுத்தபடியே செய்யும் பயிற்சி ஏன் தேவைப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இவ்விடத்தில் தவிர்க்க முடியாத ஓர் இடைச்செருகல். இவையெல்லாம் காஞ்சிபுரத்துப் போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்தவைதாமே என்று பின்னூட்டத்தில் எப்படியும் ஒருவர் கேட்பார். 2011இல் வந்த திரைப்படத்துக்குப் பின் இக்கேள்வி கேட்கப்படாத நாளில்லை. போதிதர்மருக்கு ஏறக்குறைய ஏழு நூற்றாண்டு முன்பே அந்த 44 உருவங்கள் பட்டில் எழுதப்பட்டுவிட்டன. அவர் இயற்றியதாகச் சொல்லப்படும் 'யிஜின்ஜிங்' பதினேழாம் நூற்றாண்டில் தோன்றிய நூல் என்பது ஆய்வாளர்களிடையே பெரிதும் ஏற்கப்பட்டது. அவர் தென்னிந்திய அரசரின் மகன் என்று ஒரு பழைய குறிப்பும், பாரசீகர் என்று இன்னொரு பழைய குறிப்பும் உண்டு. உண்மையான இந்தியத் தொடர்பு வேண்டுமாயின் வேறிடத்தில் தேடலாம். ஏழாம் நூற்றாண்டு மருத்துவர் சுன் சிமியாவ் தம் நூலில் 18 அசைவுகளைத் தந்து, இது இந்திய நாட்டுப் பிராமணர் முறை என்று தலைப்பிட்டிருக்கிறார். அவற்றுள் பல சீனத்துக்குப் பழகிய அசைவுகளே. அயல்நாட்டுப் பெயரிட்டால் மதிப்புக் கூடும் என்ற எண்ணம் அன்றும் இருந்திருக்கிறது.

போகட்டும். நம் கதைக்கு வேண்டிய அடுத்த திருப்பம் அமெரிக்காவிலிருந்து வருகிறது. 1869இல் ஜார்ஜ் பியர்ட் என்ற நரம்பியல் மருத்துவர் நியூரஸ்தீனியா என்ற நோய்ப்பெயரைப் பரப்பினார். நரம்பின் ஆற்றல் தீர்ந்துபோவதால் வரும் களைப்பு, தலைவலி, உறக்கமின்மை. இது ஜப்பான் வழியாகச் சீனத்துக்குப் போய் 'ஷென்ஜிங் ஷுவாய்ருவோ' ஆயிற்று. நரம்புக்கு ஷென்ஜிங் என்ற இந்தச் சொல்லே, 1774இல் ஜப்பானியர் டச்சு உடற்கூற்றியல் நூலை மொழிபெயர்க்கும்போது ஆன்மசக்தியையும் சி ஓடும் நாடியையும் குறிக்கும் எழுத்துகளை இணைத்து உண்டாக்கியது. ஆகவே இறக்குமதியான நோய், சீனக் காதில் பழைய நோயாகவே ஒலித்தது. தமிழ்நாட்டுச் சுவர்களில் 'நரம்புத் தளர்ச்சி' என்று பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே குடும்பத்துச் சொல் என்றே கருதுகிறேன். நம்மிடம் அது விடுதி அறை வைத்தியர்களின் விளம்பரத்தில் சிக்கி, வெளியில் சொல்லக் கூசும் சொல்லாயிற்று. சீனத்தில் நேர்மாறாக, மூளையால் உழைப்பவர் கூச்சமின்றிச் சொல்லத்தக்க மரியாதையான நோயாக இருந்தது.

அந்நோய்க்கு அமைதியைப் பரிந்துரைத்தவர்களில் இருவரைக் குறிப்பிட வேண்டும். காசநோயால் நலிந்து, அமைதியாக அமர்ந்து தேறிய கல்வியாளர் ஜியாங் வெய்ச்சியாவ், 1914இல் வெளியிட்ட அமர்வுமுறைக் கையேட்டில் பழைய மறைபொருள் மொழியை விலக்கி உடலியல் மொழியில் எழுதினார். தாவோ மத அறிஞர் சென் யிங்நிங், 1957இல் நரம்புத் தளர்ச்சியுற்றோருக்கென்றே எழுதியபோது, உடலின் எந்தப் புள்ளியிலும் மனத்தைக் குவிக்க வேண்டாம் என்றார், குவிப்பதும் உழைப்புதானே. தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தால் போதும்; உறக்கம் வந்தால் உறங்கிவிடலாம். களைத்தவர்களை உள்ளபடி அறிந்த ஒருவரே இப்படிச் சொல்லியிருக்க முடியும்.

மறு ஆண்டே காற்று திசை மாறியது. 1958 பெரும் பாய்ச்சலின் ஆண்டு. எஃகு விரைவாக உருக வேண்டும், நெல் விரைவாக விளைய வேண்டும். நரம்புத் தளர்ச்சியும் விரைவாகத் தீர வேண்டும். பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவர்களிடம் தொடங்கி 'விரைவு ஒருங்கிணைந்த சிகிச்சை' என்ற முறை நடைமுறைக்கு வந்தது. மருந்து, குழுவாகச் சொற்பொழிவு கேட்டல், உடற்பயிற்சி, அவற்றோடு தைச்சியும் சிகுங்கும். ஏறக்குறைய நான்கு வாரம். நோயாளி தன் படிப்பையும் வேலையையும் விட வேண்டியதில்லை என்பதே அதன் பெருமையாகச் சொல்லப்பட்டது. பயிற்சி இருந்தது, 102 நாள் போய்விட்டது. நான் இந்த வரலாற்றில் தேடியது இந்தக் கணத்தைத்தான். சிகுங் ஓய்விலிருந்து கழற்றப்பட்டு, ஓய்வுக்கு மாற்றாக வைக்கப்பட்டது இங்கேதான் என்பது என் வாசிப்பு.

அதற்காக நலவாழ்வு இல்லங்களின் காலத்தைப் பொற்காலம் என்று போற்றிவிடவும் மனம் வரவில்லை. பெய்தைஹேயின் கட்டில்கள் கட்சி ஊழியர்களுக்கு உரியவை; நெல் அறுத்தவளுக்கு உரியவை அல்ல. பண்பாட்டுப் புரட்சி வந்தபோது அந்தச் சலுகையே குற்றச்சாட்டும் ஆயிற்று. இல்லங்கள் மூடப்பட்டன. லியூ குய்சென் வசைக்கு ஆளாகி, பண்ணை வேலைக்கு அனுப்பப்பட்டார்.

மூடிய இல்லத்திலிருந்து சிகுங் பூங்காவுக்கு வந்தது. கொண்டுவந்தவர் குவோ லின் என்ற ஓவியர். கருப்பைப் புற்றுநோயால் பலமுறை அறுவைச் சிகிச்சைக்கு ஆளானவர். 1970களின் தொடக்கத்தில் பெய்ஜிங்கின் தோங்தான் பூங்காவில், மூச்சோடு இணைந்து நடக்கும் தம் முறையைக் கூட்டமாகக் கற்றுத்தரத் தொடங்கினார். காவலர்களின் தொல்லையையும் மீறிக் கூட்டம் பெருகியது. இன்று காணொளிகளில் நாம் காணும் பூங்காக் காட்சியின் மூலம் இதுதான். கட்டில் இல்லாதோருக்குப் பூங்கா கிடைத்தது என்ற வகையில் இது பெரும் சனநாயகம். ஆனால் பூங்காவரை நடந்து வர முடிந்தவர்களுக்கான சனநாயகம்.

1980களின் சிகுங் பித்து, அரங்கு நிறைந்த குருமார்கள், கைவீச்சிலேயே நோய் தீரும் என்ற பேச்சு, 1999இல் ஃபாலுன் குங் தடை ஆகியவற்றை நூல்கள் விரிவாகப் பேசியிருக்கின்றன; நான் கடந்து செல்கிறேன். 2003இல் அரசின் விளையாட்டுத் துறை நான்கு பயிற்சித் தொகுதிகளை வரையறுத்து வெளியிட்டது. எனக்கு வந்த காணொளிகளில் பெரும்பாலானவை அவற்றுள் ஒன்றான பாதுவான்ஜின். நின்றபடி செய்யும் எட்டு அசைவுகள்.

சாங்ஷாவுக்கு மீண்டும் ஒருமுறை போக வேண்டும். 1980இல் அந்நகரின் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் ஆர்தர் கிளைன்மன் என்ற அமெரிக்க மானிடவியலாளர்-மருத்துவர், நரம்புத் தளர்ச்சி என்று அறியப்பட்ட 100 நோயாளிகளை ஆராய்ந்தார். அமெரிக்க அளவுகோலின்படி அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வு இருந்தது. மேற்கோள் காட்டுபவர்கள் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அவர் நூலின் கனம் அடுத்த பகுதியில் இருக்கிறது. மனச்சோர்வுக்கான மருந்தால் அறிகுறிகள் குறைந்த பிறகும், வேலையிடத்து மோதலும் கணவன் ஓரூரில் மனைவி ஓரூரில் என்ற வாழ்வும் தீராதவர்கள் தம்மை நோயாளியாகவே கருதிவந்தார்கள். களைப்பு என்ற பெயர், பண்பாட்டுப் புரட்சியைக் கடந்துவந்த அவர்களுக்கு, வேறெந்தச் சொல்லாலும் கேட்க இயலாத ஓய்வையும் இடமாற்றத்தையும் கேட்கும் விண்ணப்பமாக இருந்தது.

அதே 1980களில் மேற்கிலும் பெயர் மாறிக்கொண்டிருந்தது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பரவிய ஒரு நோயிலிருந்து வந்த பெயர் ஒருபுறம். 1988இல் அமெரிக்க மருத்துவர்கள் வகுத்த 'நாட்பட்ட களைப்பு நோய்த்தொகுதி' மறுபுறம். இன்று அதன் தனிக்குறி என்று கருதப்படுவது வெறும் களைப்பன்று; சிறு உழைப்புக்குப் பின்னும் ஓரிரு நாள் கழித்து வந்து வீழ்த்தும் நலிவு. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போனால் சரியாகும் என்று 2007இல் சொன்ன பிரிட்டனின் வழிகாட்டு நிறுவனம், நோயாளிகளின் நெடிய போராட்டத்துக்குப் பின் 2021இல் அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது.

சிகுங் உதவுமா? ஹாங்காங் பல்கலைக்கழகக் குழுவின் இரு ஆய்வுகளை நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2012இல் 64 பேர். ஐந்து வாரம் குழுவாகவும் 12 வாரம் வீட்டிலும் பயின்றார்கள். 2014இல் 150 பேர். ஒன்பது வாரத்தில் 16 பாதுவான்ஜின் வகுப்புகள். இரண்டிலும் களைப்பு குறைந்ததாகவே முடிவு. ஆனால் ஒப்பீட்டுக்கு வைக்கப்பட்டவர்கள் எந்தப் பயிற்சியும் இன்றிக் காத்திருந்தவர்கள். வகுப்பு, ஆசிரியரின் அக்கறை, உடன்பயில்வோரின் துணை ஆகியவற்றிலிருந்து பயிற்சியைத் தனியே பிரித்துக் காட்ட இவ்வமைப்பால் இயலாது. தவிர, வகுப்புக்கு 16 முறை வந்து போக முடிந்தவர்கள் அவர்கள்.

நான் என்ன செய்கிறேன் என்று கேட்டவர்களுக்கு: காணொளியைப் பார்த்து மூன்று நாள் நின்று செய்தேன், நான்காம் நாள் முதல் ஒரு வாரம் எழவில்லை. அதன்பின் 1957ஆம் ஆண்டு நூல்களுக்குத் திரும்பினேன். வலப்பக்கம் சாய்ந்து, வலக்கை தலையணையில், இடக்கை இடுப்பில். சென் யிங்நிங் சொன்னபடி மூச்சைக் கேட்டல். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம். உறக்கம் சற்றுச் சீரானது. களைப்பு தீரவில்லை. இன்று 61ஆம் நாள்.

ஆய்வுக்காலத்தை நீட்டிக்கக் கோரும் விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. அதில் நோயின் பெயர் என்றொரு கட்டம். மருத்துவர் 'காய்ச்சலுக்குப் பிந்தைய உடல்தளர்ச்சி' என்று எழுதித் தந்தார்; அலுவலகத்தில் அது நோயாகாது என்று திருப்பிவிட்டார்கள். என்ன பெயர் எழுதினால் எத்தனை நாள் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லலாம்.

யின்ஷுவின் இறுதிப் பகுதியை மூலத்திலிருந்து தமிழாக்கி வைத்திருக்கிறேன். வரைவுதான். வேண்டுவோர் கேளுங்கள், அனுப்புகிறேன். பதில் வரச் சில நாள் ஆகலாம்.